கிஸ்தி கேளாத மகாராஜர் சமூகத்துக்கு

ஸ்வஸ்தி ஸ்ரீ. தாயின் கருவறையிலேயே கொலுவீற்றிருப்பவரும், வாளும் வேலும் தீண்டாமலே வாகை சூடுபவரும், இன்னும் பிறவாத குடிகளிடத்தும் முன்கூட்டியே திறை கொள்ளும் தீர்க்கதரிசியும், வைத்தியர்கள் 'தைராய்டு குறை' என்றும் ஊரார் 'பிள்ளை கொஞ்சம் மந்தம்' என்றும் இருவேறு திருநாமங்களால் ஏத்திப் பணியும் மகாராஜாதிராஜருமாகிய தேவரீர் சமூகத்துக்கு, ஓட்டப்பிடாரம் தாலுகா கரிசல்காட்டுக் குடிகளில் ஒருவன் தெண்டனிட்டு எழுதிக்கொண்ட விண்ணப்பம்.

எங்கள் சீமையைப் பற்றி யாரேனும் தேவரீரிடம் கோள் சொல்லியிருக்கக்கூடும். கூப்பிடு தூரத்தில் பாஞ்சாலங்குறிச்சி. 1798-ல் கலெக்டர் ஜாக்சன் துரை கிஸ்திப் பாக்கிக்காகக் கட்டபொம்மனை ஊர் ஊராக அலையவிட்டு, கடைசியில் இராமநாதபுரத்தில் நிறுத்திக் கணக்குக் கேட்க, பேச்சு முற்றிக் கத்தி உருவிய கதையும், மறுவருஷம் அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றுப் புளியமரத்தில் முடிந்த கதையும் இங்கே ஆடு மேய்க்கிற பிள்ளைக்கும் தெரியும். 1872-ல் ஓட்டப்பிடாரத்திலேயே பிறந்த வக்கீல் பிள்ளை ஒருவர், சிதம்பரம் என்று பேர், வெள்ளைக்காரன் கப்பலுக்கு எதிராகச் சொந்தக் கப்பல் விட்டார். பக்கத்து எட்டயபுரத்தில் பத்து வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளையின் வாயை எந்தச் சர்க்காராலும் அடைக்க முடியவில்லை. மழை இல்லாவிட்டாலும் இந்த மண்ணில் கேள்விக்குப் பஞ்சமில்லை என்று பேர்.

ஜாக்சன் துரை செய்த பிழை, வாய் திறந்து கேட்டதுதான். கேட்டால் பதில் வரும் என்பதை அந்த மனிதர் அறியவில்லை. தேவரீரோ கேட்பதே இல்லை. ஓலை அனுப்புவதில்லை, தண்டோரா போடுவதில்லை, சிப்பாயை ஏவுவதில்லை. குடியானவனுக்கு வாய் முளைக்கும் முன்பே அவன் களஞ்சியத்தைத் திறந்து, வேண்டியதை அளந்து எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் போகிறீர். பறிகொடுத்தவனுக்குத் தன்னிடம் என்ன இருந்தது என்றே தெரியாத ஒரு வசூலை எந்தச் சக்கரவர்த்தி இதற்கு முன் நடத்தியிருக்கிறார்?

அந்த வசூலின் நுட்பத்தைச் சொல்ல அடியேனுக்கு நா போதாது. கருவிலிருக்கும் சிசுவின் கழுத்துச் சுரப்பி மூன்றாம் மாத வாக்கில்தான் கண் விழிக்கிறது; ஐந்தாம் மாதம் நெருங்கும்வரை அது ஏறக்குறைய முழுவதும் தாயின் இரத்தத்தில் வரும் தைராக்சினை நம்பியே வளர்கிறது. அந்தத் தைராக்சினின் ஆணை கிடைத்தால்தான் நரம்பணுக்கள் பிறந்த இடத்தைவிட்டு மூளையின் அடுக்குகளில் தத்தம் இடத்துக்கு நடந்து சேரும், கிளை விடும், பக்கத்து அணுவோடு தொடர்பு கொள்ளும். செய்தி விரைந்து ஓடுவதற்கான மயலின் உறை நரம்பின்மேல் படர்வதும், நினைவைக் காக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி திரள்வதும், உட்செவியின் நத்தைச்சுருள் கேட்கப் பழகுவதும் அதன் மேற்பார்வையில்தான். நடையின் நிதானத்தையும் கையின் நேர்த்தியையும் ஆளும் சிறுமூளையில் புர்கின்ஜி அணுக்கள் என்று சில உண்டு. செழித்த கருவேலங் கிளைபோல விரிய வேண்டியவை. ஆய்வுக்கூடத்தில் எலிக்குட்டிகளைத் தேவரீர் வசம் ஒப்படைத்துப் பார்த்தவர்கள், அந்தக் கிளைகள் குட்டையாகவே நின்றுவிட்டதையும், அக்குட்டிகள் வளர்ந்தபின் சுற்றுவழிப் பாதையில் வழி கற்கத் தடுமாறியதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த வேலைகளுக்கெல்லாம் ஒவ்வொரு காலக்கெடு உண்டு. கெடு தாண்டியபின் குடம் குடமாகத் தைராக்சினைக் கொட்டினாலும் போனது போனதுதான். எட்டு வயதில் வரும் வைத்தியரைப் பார்த்துத் தேவரீர் முறுவலிப்பது அதனால்தான் போலும்.

அளவறிந்து வாங்கும் அந்த நாகரிகத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1999-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, கர்ப்பத்தில் தைராய்டு குறைந்தும் மருந்து பெறாத தாய்மார்களின் பிள்ளைகள் ஏழு முதல் ஒன்பது வயதில் அறிவுத்திறன் அளவையில் சராசரி 7 புள்ளி பின்தங்கியிருக்கக் கண்டது. தைராக்சின் சுரக்கத் தேவையான அயோடினே எட்டாத ஊர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் 13 புள்ளிக்கு மேல் வந்தது. முழுவதையும் அள்ளிக்கொண்டால் தாய்மாமன் வந்து ஏனென்று கேட்பான். அதை உணர்ந்து, ஆடு மேய்க்கவும், அளத்தில் உப்பு வாறவும், கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கவும் போதுமானதை மிச்சம் வைத்து, கணக்குப் போடவும் கதை எழுதவும் கலெக்டரை எதிர்த்துப் பேசவும் தேவைப்படும் அந்த மேல்மிச்சத்தை மட்டும் திருக்கரத்தால் எடுத்துக்கொள்கிறீரே, அந்தக் கருணையை என்னென்பது!

தேவரீர் கொலுவுக்கு இடம் தேர்ந்த சாமர்த்தியத்தை நினைத்தால் மெய்சிலிர்க்கிறது. ஓட்டப்பிடாரத்திலிருந்து கிழக்கே போனால் தருவைகுளம். அங்கிருந்து வடக்கே வேம்பார் வரைக்கும், தெற்கே தூத்துக்குடி தாண்டி ஆறுமுகநேரி வரைக்கும் கடற்கரை நெடுக உப்பளம். குஜராத்துக்கு அடுத்தபடி இந்தியாவுக்கு உப்பு கொடுக்கிற கரை இது. பாத்தி பாத்தியாக வெள்ளை பூத்து, வெயிலில் கண்ணைப் பறித்து, அம்பாரமாகக் குவித்துப் பனையோலை வேய்ந்து கிடக்கும் அந்த உப்பில் ஒரு கைப்பிடி அயோடேட் சேர்ந்தால் தேவரீர் ஆட்சியின் பாதி கவிழ்ந்துவிடும். ஒரு மனிதனுக்கு ஆயுள் முழுவதற்கும் தேவையான அயோடின் ஒரு தேக்கரண்டி நிறையாது. பத்து லட்சம் பங்கு உப்புக்கு, கடைக்கு வந்து சேரும்போது 15 பங்கு அயோடின் இருந்தால் போதும் என்பது சட்டம். கிலோவுக்குச் சில்லறைக் காசு செலவு. இத்தனை அண்மையில், இத்தனை மலிவான பகையை வைத்துக்கொண்டும் அஞ்சாமல் வீற்றிருப்பவரை வீராதிவீரர் என்று அழைக்காமல் வேறெப்படி அழைப்பது?

வீற்றிருக்கிறீர் என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. 2018–19-ல் நாடு முழுதும் வீட்டு உப்பை வாங்கிச் சோதித்தபோது, போதிய அயோடின் உள்ள உப்பைப் புழங்கும் வீடுகள் இந்தியாவில் நூற்றுக்கு 76 என்று வந்தது. தமிழ்நாட்டில் 62. மாநிலங்களின் வரிசையில் கடைசி இடம். உப்புக் கடலின் கரையில் உட்கார்ந்து, ஊருக்கெல்லாம் உப்பு ஏற்றி அனுப்பிவிட்டு, கடைசி இடத்தைத் தேவரீர் பாதகமலத்தில் காணிக்கையாக வைத்த பெருமை எங்களுடையது.

இந்தக் காணிக்கையில் எங்கள் அடுப்படிகளின் பங்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதி வேண்டும். அளத்து வேலைக்குப் போகிற வீட்டுக்கு அளத்து உப்பே வரும். கடலில் விளைந்ததில் அயோடின் தானாகவே இருக்கும் என்பது எங்கள் அசையாத நம்பிக்கை. வெயிலில் காய்ந்து இறுகிய கல்லுப்பில் அது பேருக்குக்கூட மிஞ்சாது என்ற இரகசியத்தைத் தேவரீர் காத்துவருகிறீர். தப்பித்தவறி அயோடின் தெளித்த கல்லுப்பை யாராவது வாங்கினாலும் பயமில்லை. எங்கள் பெண்கள் சுத்தக்காரர்கள். மண்ணும் தூசியும் போகட்டுமென்று அரிதட்டில் கொட்டி, இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றி அலசுவார்கள். மேலே படிந்திருந்த அயோடின் தண்ணீரோடு முற்றத்து முருங்கைக்குப் போய்ச் சேரும். அலசிய உப்பு வெயிலில் உலர்ந்து மூடியில்லாத சாடிக்குள் போகும். குழம்பு கொதிக்கத் தொடங்கும்போதே அதிலிருந்து ஒரு கை. மூன்றாம் மாதக் கர்ப்பிணி அந்தக் குழம்பை ஊற்றிப் பிசைந்து, மசக்கையில் பாதி உண்டு, மீதியை வைத்துவிடுவாள். ஒவ்வொரு படியிலும் தேவரீருக்கு இத்தனை ஊழியர்கள் கூலி வாங்காமல் வேலை செய்கிறார்கள். ஒருவருக்கும் தான் யாருக்கு ஊழியம் செய்கிறோம் என்று தெரியாது.

பட்டணத்துப் பண்டிதர்களையும் மறந்துவிடக் கூடாது. படித்தவர்கள், பேசத் தெரிந்தவர்கள். அயோடின் கலந்த உப்பெல்லாம் கம்பெனிக்காரன் சதி என்று சொல்லி, இளஞ்சிவப்பு நிறத்து இந்துப்பைப் பத்து மடங்கு விலை கொடுத்து வாங்கி, இயற்கைக்குத் திரும்பிவிட்ட பூரிப்பில் திளைக்கிறார்கள். ஏழை அறியாமல் செய்வதை இவர்கள் அறிவோடு செய்கிறார்கள். அரசவையில் இவர்களுக்கு முதல் வரிசை ஆசனம் தருவதே முறை.

டெல்லியும் ஒரு காலத்தில் தேவரீருக்கு மரியாதை செய்தது. 1998-ல் அயோடின் இல்லாத உப்பை உணவுக்கு விற்கத் தடை போட்டவர்கள், 2000 செப்டம்பரில், எதைத் தின்பது என்பது அவரவர் விருப்பம் என்ற உயர்ந்த கொள்கையை முன்னிட்டு அதைத் தளர்த்தினார்கள். தடை மறுபடி அமலுக்கு வந்தது 2006 மே 17-ல். இடைப்பட்ட ஐந்தரை வருஷத்தில் கருவில் இருந்தவர்களிடம் மட்டும் யாரும் விருப்பத்தைக் கேட்கவில்லை. அவர்கள் இன்று வாக்குச்சீட்டு உள்ளவர்கள்.

உப்பு வழியாக மட்டும் தேவரீர் எழுந்தருள்வதில்லை. சில சிசுக்களுக்குச் சுரப்பியே உருவாகாமல், அல்லது இடம் மாறி நாக்கின் அடியில் தங்கி, பிறக்கும்போதே குறையோடு வருகிறார்கள். தாய் எந்த உப்பைத் தின்றாலும் இது வரும். மேல்நாடுகளில் இரண்டாயிரம் முதல் நாலாயிரம் பிறப்புக்கு ஒன்று என்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நம் பெருநகரங்களில் லட்சம் சிசுக்களுக்கு மேல் சோதித்ததில் சுமார் 1,130-க்கு ஒன்று என்று வந்தது. எங்கள்பால் தேவரீருக்குள்ள தனி அபிமானம் இதிலிருந்தே விளங்கும்.

அப்படி எழுந்தருளும்போது எடுக்கும் வேஷம்தான் எத்தனை அழகு! அழாத பிள்ளையாக வருகிறீர். எங்கள் ஊரில் ராத்திரியெல்லாம் வீல் வீலென்று கத்தும் பிள்ளைதான் வீட்டைப் படுத்தும். இந்தப் பிள்ளை படுத்தாது. பாலுக்கு எழுப்பினால்தான் எழும். இரண்டு வாய் குடித்ததும் மார்பிலேயே தூங்கிப்போகும். அழுதாலும் குரல் கம்மிக் கட்டைக்குரலாக வரும். தொட்டால் உடம்பு ஜில்லென்றிருக்கும். மஞ்சள் இரண்டு வாரம் தாண்டியும் கண்ணைவிட்டுப் போகாது. நாலு நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகும். தொப்புள் புடைத்திருக்கும், நாக்குத் தடித்து உதட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். பிள்ளை பார்க்க வருகிறவர்களிடம் ஆச்சி சொல்வாள்: "எம் பேரன் தங்கம்லா! பெறந்ததுலருந்து ஒரு சத்தம் காட்டல. மூத்தது இருந்துச்சே, ஊரையே எழுப்பிரும்." வந்தவளும் திருஷ்டி படாமல் கன்னம் வழித்து, "கோயில்ல வச்சு அலங்கரிச்ச மாரி இருக்கான், யத்தே" என்பாள். தாய்க்கு மட்டும் அடிவயிற்றில் ஒரு சந்தேகம் இருக்கும். "இவ்வளவு தூங்குதானே யத்தே, ஆசுபத்திரிக்குக் கொண்டு போவமா?" என்று கேட்டால், "ஒன் புருசனும் மூணு வயசுலதான் பேசுனான், சும்மா கெட" என்று பதில் வரும். குடும்பத்தின் பெருமையும் பாசமும் ஒருங்கே கூடி ஒரு நோய்க்குக் கவசம் பூட்டும் இந்தக் காட்சியை வேறெந்த அரசனும் கண்டதில்லை.

அடுத்த வசூல் பள்ளிக்கூடத்தில். கடைசி பெஞ்சில், சுவரோரமாக, வகுப்பிலேயே குள்ளமான ஒரு பையன். காது கொஞ்சம் மந்தம், ஆனால் அது யாருக்கும் தெரியாது. கூப்பிட்டால் திரும்பாதவன் திமிர்பிடித்தவன் என்று மட்டும் தெரியும். கரும்பலகையில் இருக்கும் கணக்கில் பாதி எழுதுவதற்குள் வாத்தியார் அழித்துவிடுவார். நேற்றுச் சொன்ன வாய்ப்பாடு இன்று இருக்காது. ஒன்றில் மனம் நிற்பதற்குள் இன்னொன்று இழுத்துக்கொண்டு போய்விடும். எழுத்து கோட்டில் உட்காராது, ஓடினால் தடுக்கி விழுவான். "மண்டு", "மரமண்டை", "மாடு மேய்க்கத்தாம்ல லாயக்கு" என்று பட்டங்கள் வரிசையாக வந்து சேரும். டீ வாங்கி வரவும் பெஞ்சு தூக்கவும் அவனையே அனுப்புவார்கள். அவனும் சந்தோஷமாக ஓடுவான், ஏனென்றால் அங்கேதான் யாரும் கேள்வி கேட்பதில்லை. வீட்டில் அப்பா பிரம்பை எடுப்பார். எட்டாவதோடு படிப்பு நிற்கும். கொள்ளை போனவனைத் திருடன் என்று ஊரே கூடி அடிக்க, உண்மையில் கொண்டுபோனவர் மேடையில் மாலை மரியாதையோடு அமர்ந்திருக்கும் இந்த நீதி பரிபாலனத்தைப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்த கும்பினியார்கூடக் கனவு கண்டிருக்க மாட்டார்கள்.

சதிகாரர்களைப் பற்றியும் எச்சரிப்பது குடிகளின் கடமை. முன்னொரு காலத்தில் இராமலிங்கஸ்வாமி என்றொரு மருத்துவர், தேவரீரின் கோட்டையாயிருந்த இமயத்துக் காங்ரா பள்ளத்தாக்குக்குள் 1956-ல் அயோடின் உப்பு மூட்டைகளோடு நுழைந்தார். சில வருஷங்களிலேயே அங்கே பிள்ளைகளின் கழுத்து வீக்கம் மளமளவென்று குறைந்துபோனது. அதைப் பார்த்து 1962-ல் சர்க்கார் தேசியத் திட்டமே போட்டது. எங்கள் சர்க்காரும் சும்மா இல்லை. வாலிநோக்கத்தில் உப்புக் கழகம் நடத்தி, 2014-ல் இரும்பும் அயோடினும் சேர்த்த உப்பைக் குறைந்த விலைக்குக் கடையில் இறக்கிப் பார்த்தது. அயோடின் சேர்ந்த பொட்டலத்தில் சிரிக்கும் சூரியன் படம் ஒன்று அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து வாங்க ஒருத்தி பழகிவிட்டால், அந்தத் தெருவில் தேவரீருக்கு வரவு குறையும்.

அதைவிடக் கொடிய சதி கனடாவின் கியூபெக்கில் 1970-களின் தொடக்கத்தில் உருவானது. தூசோ என்ற மருத்துவர், பிறந்த சிசுவின் குதிகாலில் ஒரு குத்துக் குத்தி, வடிகட்டும் தாளில் ஒரு சொட்டு இரத்தத்தை ஒற்றியெடுத்து, அதிலேயே தேவரீரின் திருமுகத்தை அடையாளம் காணும் வித்தையைக் கண்டுபிடித்தார். அன்றுமுதல் எத்தனையோ தேசங்களில் அரும்பும்போதே தேவரீருடைய ஆட்சி கிள்ளப்படுகிறது. வேஷம் போடுவதற்குள், நாக்குத் தடிப்பதற்குள், ஆச்சி புகழ்வதற்குள் பிடித்துவிடுகிறார்கள். பிடித்தபின் செய்வதோ சொல்லவே கூசும் அற்ப காரியம்: லெவோதைராக்சின் என்ற குட்டி மாத்திரை. கிலோ எடைக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம் கணக்கில் தினம் ஒருவேளை, நொறுக்கித் தாய்ப்பாலில் குழைத்து, கரண்டியில் புகட்டிவிட வேண்டியது. இரண்டு வாரத்துக்குள் தொடங்கி, இடையில் விடாமல், இரத்தத்தைச் சோதித்து அளவைத் திருத்திக்கொண்டே போனால், அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே கத்தும், தவழும், படிக்கும், எதிர்த்துப் பேசும். தேவரீருக்குச் சேர வேண்டிய கிஸ்தி ஒரு காசு மிச்சமில்லாமல் அவனிடமே தங்கிவிடும்.

ஆகவே திருவடி பணிந்து கேட்டுக்கொள்வது இதுவே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் ஆனவளை இரண்டு நாள் வைத்திருந்து அனுப்புவது வழக்கம். பிறந்த முதல் நாளில் ஹார்மோன் தானாகவே ஏறியிறங்குவதால் சோதனை தப்பாகக் காட்டலாம். 48 மணி நேரம் கழிந்தபின் எடுக்கும் சொட்டுதான் சரியான சாட்சி சொல்லும் என்பார்கள். தேவரீருக்கு ஆபத்து அந்த நேரத்தில்தான். வாசலில் ஆட்டோ நிற்கும். ஆச்சி பையைத் தூக்கிக்கொண்டு அவசரப்படுத்துவாள். செவிலியர் கையெழுத்து வாங்கத் தாளை நீட்டுவார். அந்த நேரத்தில் தாய்க்காரி, "சிஸ்டர், தைராய்டுக்குப் பிள்ள காலுல ரத்தம் எடுப்பாகளாமே, எம் பிள்ளைக்கு எடுத்தாச்சா?" என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டுவிட்டால் செவிலியர் பதில் சொல்ல வேண்டும். இங்கே வசதி இல்லை என்றால், எங்கே இருக்கிறது என்று அடுத்த கேள்வி வரும். தூத்துக்குடிக்கோ கோவில்பட்டிக்கோ ஆட்டோவைத் திருப்பச் சொல்வாள். இந்த மண்ணில் பிறந்தவளுக்குக் கேள்வி கேட்கும் புத்தி இன்னும் முழுக்க வற்றிவிடவில்லை. ஆகையால் ஓட்டப்பிடாரம் தாலுகாவின் பிரசவ அறை ஒவ்வொன்றின் வாசலிலும் தேவரீர் ஒரு காவலை உடனே நிறுத்தியருள வேண்டுமாய்ப் பிரார்த்திக்கிறேன்.